கை நனைக்காத வீடு

ஓர் ஊரைப் பற்றி யாராவது கெட்டதாகச் சொன்னால் கிருஷ்ணவேணி கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நீ போயிருக்கிறியா?"

சொன்னவர் பெரும்பாலும் போயிருக்க மாட்டார். மச்சான் சொன்னான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் என்று இழுப்பார். "அப்ப வாயை மூடிக்கினு இரு. நான் போயிட்டு வந்து சொல்றேன்" என்பாள் கிருஷ்ணவேணி. சொன்னபடியே போய்விட்டும் வருவாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள். அதைத் தாண்டி எங்கும் போவதில்லை. கிருஷ்ணவேணி போனதற்குக் காரணம் அவள் கணவன் குமாரசாமியின் வலது கால். கல்யாணமான சில வருஷங்களிலேயே அது வீங்க ஆரம்பித்துவிட்டது. யானைக்கால். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் அவன் மற்றவர்களைப் போலத்தான் நெய்வான். ஆனால் காய்ச்சல் வந்து தொடையிடுக்கில் நெறி கட்டிப் படுத்தால் எழுந்திருக்க நாளாகும். அப்படி ஒருமுறை அவன் படுத்தபோதுதான் அவள் கடைகளில் விலைபோகாமல் தேங்கிய சேலைகளை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினாள். அதற்குப் பிறகு அவள் கால் வீட்டில் தங்கவில்லை.

பாண்டிச்சேரிக்குப் போகாதே, தெருவெல்லாம் குடிகாரர்கள் விழுந்து கிடப்பார்கள் என்றார்கள். போனாள். விழுந்து கிடந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் மதுவிலக்கு இருந்த நம் பக்கத்திலிருந்து போனவர்கள். அந்த ஊர்ப் பெண்கள் பேரம் பேசாமல் சேலை வாங்கினார்கள். கோலாரில் தங்கம் கொட்டிக்கிடக்கிறது என்றார்கள். அங்கே அவள் பார்த்தது புழுதியும், சுரங்கத்துக்குள் போய் வந்து இருமுகிற ஆண்களும்தான். வெள்ளைமேடு என்று ஒரு கிராமம், திருட்டு ஊர் என்று பேர் வாங்கியது. அங்கே போய் இரண்டு நாள் தங்கினாள். அவள் மூட்டையை யாரும் தொடவில்லை. "திருட்டுக் குடுத்தது எங்க தெரியுமா? புண்ணிய ஸ்தலம்னு சொன்னீங்களே, அந்தக் கோயில் வாசல்ல. புதுச் செருப்பு!" என்று திரும்பி வந்து தெருவையே சிரிக்க வைத்தாள்.

அவளுக்கு இந்த வேகம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெளியூரில் "எந்த ஊரும்மா?" என்று கேட்பார்கள். "காஞ்சிபுரம்" என்பாள். கேட்டவரின் கண் அவள் முகத்திலிருந்து மெள்ள இறங்கிக் காலில் போய் நிற்கும். உங்கள் ஊர்த் தண்ணீர் பட்டாலே கால் வீங்குமாமே என்று சிலர் நேராகவே கேட்பார்கள். கேட்காதவர்கள் அவள் குடித்த சொம்பைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதனால் வியாபாரத்துக்குப் போகும்போது புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. பார்த்துக்கொள்ளட்டும்.

ஊர் ஊராகப் போய்ப் பொய்யைப் போக்கியவளால் தன் வீட்டு வாசலில் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகள் காந்தாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குமாரசாமி எழுந்து வந்து வரவேற்கும்வரை நன்றாகத்தான் பேசினார்கள். எழுந்த பிறகு ஜாதகம் பொருந்தவில்லை. காந்தாவின் வயதுப் பெண்கள் இரண்டு பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகக் கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துபோனார்கள். அவள் ஜன்னலோரத்தில் ராட்டையின் முன் உட்கார்ந்து பட்டு இழையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு சாக்கடை ஓடியது. அதில் கொசு முட்டையிடாமல் இருக்க எண்ணெய் ஊற்றுவதற்கு வாரத்துக்கு ஒருநாள் ஓர் ஆள் வருவான். காக்கிச் சட்டை, தோளில் டின். தெருவில் அவனுக்கு எண்ணெய்க்காரன் என்று பேர். சொந்தப் பெயர் ராஜவேலு. மற்ற வீடுகளைச் சட்டென்று தாண்டிவிடுபவன், இந்த வீட்டுச் சாக்கடையில் மட்டும் ஏதோ பெரிய கொசுக்கூட்டம் இருப்பதுபோல் நின்று நிதானமாக ஊற்றுவான்.

"இன்னாப்பா, எங்க வூட்டு சாக்கடைக்கி மட்டும் எண்ணெய்க் குளியலா?" என்று கிருஷ்ணவேணி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

உள்ளே ராட்டை நின்றது. ராஜவேலு டின்னைக் கீழே வைத்தான். "உள்ள வந்து அய்யாவாண்ட பேசலாமாம்மா?" என்றான்.

உள்ளே வந்தவன் குமாரசாமியின் காலைப் பார்த்தான். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்புவார்கள். இவன் தறிக்குழிக்குள் குனிந்து பார்த்து, "விரல் இடுக்குல புண்ணு வராம கழுவித் தொடைக்கிறீங்களா? அதான் முக்கியம். இது ரத்தத்துல வர்றதில்லீங்க, கொசுவால வர்றது" என்றான். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னான். காந்தாவைக் கேட்டான். கேட்ட மூச்சிலேயே, "எங்கூரு புதுக்குடியிருப்பு. கேள்விப்பட்டிருப்பீங்க" என்றும் சொன்னான்.

குமாரசாமியின் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா பாதி வழியில் நின்றுவிட்டது.

பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த புதுக்குடியிருப்பைக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. குஷ்டரோகம் வந்து மருத்துவமனையில் குணமானவர்களைச் சொந்த ஊர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளாததால், அவர்களே ஒரு மேட்டில் குடிசை போட்டு உண்டாக்கிய ஊர் அது. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நோயும் கிடையாது. ஆனால் ஊர் வாயை எந்த மூடியால் மூடுவது? அந்த ஊர்க் காற்று ஆகாது என்றார்கள். அங்கே விளைந்த வேர்க்கடலையைச் சந்தையில் வாங்க மாட்டார்கள்.

"எங்கம்மாவுக்குத்தான் சீக்கு இருந்துச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கொணமாயிடுச்சு. அப்பா இல்ல. ஆரணிப் பக்கம் நெசவுக்காரக் குடும்பம்தான், உங்க ஆளுங்கதான். மறைச்சுக் கட்டிக்கக் கூடாதுன்னு மொதல்லியே சொல்றேன்" என்றான் ராஜவேலு.

அவன் போன பிறகு கிருஷ்ணவேணி மகளைப் பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியும்" என்றாள் காந்தா. "சாக்கடைக்கு எண்ணெ ஊத்தும்போது சொன்னாரு."

"சாக்கடையாண்ட பேசற பேச்சா இது?"

"வேற எங்க பேசறது? நீதான் ஊரெல்லாம் சுத்தறே. நானு இந்த ஜன்னலைத் தாண்டினதில்லியே."

வீட்டில் முடிவு குமாரசாமியுடையதல்ல. வீடும் தறியும் அவன் அண்ணன் கலியாணசுந்தரத்தின் பேரில் இருந்தன. அவர் கெட்டவர் அல்ல. தம்பியின் குடும்பத்தை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. அவருக்கும் இரண்டு பெண்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"இன்னா வேணி இது? போயும் போயும் அந்தக் காலனியிலியா?" என்றார்.

"நீங்க போயிருக்கிறீங்களா மாமா?"

அவர் சிரித்துவிட்டார். "அதானே, இன்னும் கேக்கலியேன்னு பார்த்தேன். சரி, நீ போயிட்டு வா. உன் கண்ணால பாத்துட்டு வந்து நல்லாத்தான் இருக்குதுன்னு நீ சொல்லு. நானே வந்து தட்டு மாத்தறேன். நீ பாத்துச் சொன்னா தெருவும் கேக்கும்."

அதைக் கேட்டதும் குமாரசாமியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கிருஷ்ணவேணி பார்த்தாள். எத்தனையோ ஊர்களுக்கு அவளாக இஷ்டப்பட்டுப் போயிருக்கிறாள். ஒரு வாழ்க்கையை மூட்டையில் கட்டிக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை.

வாலாஜாபாத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினாள். புதுக்குடியிருப்பு என்று சொல்லி டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் அவள் கையைப் பார்த்தார். பத்து விரலும் இருந்தன. "ஆபீஸ்காரங்களாம்மா?" என்றார். இல்லை என்றதும், "அங்க நிக்காது. பாலத்தாண்ட நிறுத்தறேன், எறங்கி நடந்துக்கோ" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

பங்குனி வெயில். பாலத்திலிருந்து நடந்து வந்தவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊர் முகப்பில் ஒரு குழாய் இருந்தது. முகத்தைக் கழுவி, இரண்டு கையாலும் ஏந்தி வயிறு நிறையக் குடித்தாள்.

பிறகு ஊரைப் பார்த்தாள். தெருக்கள் பெருக்கிக் கிடந்தன. முற்றங்களில் வேர்க்கடலை காய்ந்தது. ஒருவர் மழுங்கிய உள்ளங்கைகளுக்கு இடையில் கயிற்றை வைத்து உருட்டித் திரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்தினார்கள். இதற்குத்தானா இவ்வளவு பயம் என்று அவளுக்குக் கோபமாக வந்தது. காஞ்சிபுரத்தில் போய் என்ன சொல்ல வேண்டும் என்று அப்போதே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டாள். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. அவள் நடந்த வழியெல்லாம் பெண்கள் தெரு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவள் நெருங்கும்போது புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்கள்.

ராஜவேலு எதிரே வந்து அழைத்துப்போனான். அவன் அம்மா அங்கம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கும்பிட்டபோது இரண்டு கைகளும் சரியாகச் சேரவில்லை. வலது கையில் கட்டைவிரலும் பாதி சுட்டுவிரலும் தவிர மற்றவை கணுவோடு நின்றுபோயிருந்தன.

"வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கிறீங்க. தண்ணி குடிங்க."

"இப்பத்தான் குழாய்ல குடிச்சேன்க்கா, வயிறு ரொம்பிப் போச்சு" என்றாள் கிருஷ்ணவேணி.

அது உண்மை. அங்கம்மாள் சொம்பைத் திரும்ப எடுத்துப் போனாள்.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. அங்கம்மாள் வாயாடி. ஆரணியில் தான் நெய்த காலத்துக் கதைகளைச் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு என்னைக் கட்டிக்கும்போது இன்னா சொன்னாருன்னு கேளுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து பதிமூணு வெரலு இருக்குது, ஒரு குடும்பத்துக்கு அது போதும்னாரு." கிருஷ்ணவேணி வாய்விட்டுச் சிரித்தாள். காந்தா இந்த மாமியாரிடம் பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றிற்று.

அப்புறம் அங்கம்மாள் உள்ளே போய் ஒரு தலைவாழை இலையைக் கொண்டுவந்து விரித்தாள். ராஜவேலு தண்ணீர் தெளித்துத் துடைத்தான். உள்ளேயிருந்து நெய்யின் வாசனை வந்தது. வடை சுட்டிருந்தார்கள், பாயசம் வைத்திருந்தார்கள். அகப்பையின் காம்பில் துணி சுற்றி, பிடிப்புக்காக மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அங்கம்மாள் பரிமாற வந்தாள்.

கிருஷ்ணவேணி எழுந்துகொண்டாள்.

சம்பந்தம் பேசும் வீட்டில் பேசி முடிப்பதற்கு முன்னால் கை நனைக்கக் கூடாது. நெசவுக்காரர்களில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சாப்பிட்டுவிட்டால் சம்மதித்தாகிவிட்டது என்று அர்த்தம். சம்மதம் சொல்ல வேண்டியவர் கலியாணசுந்தரம். பெரியவர் தட்டு மாற்றும் முன் பெண்ணைப் பெற்றவள் தனியாகப் போய் இலையில் உட்கார்ந்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், கிடைத்த ஒரே இடமும் அதனாலேயே கெட்டுவிடும். எதிலும் ஒரு சொட்டுக் குறை இல்லாமல் இந்தக் காரியத்தை முடிக்க வேண்டும் என்று அவள் வரும்போதே நினைத்திருந்தாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "எல்லாம் பேசி முடியட்டும். பெறகு உரிமையா வந்து நானே போட்டுக்கினு சாப்புடறேன்."

அங்கம்மாள் அகப்பையோடு நின்றாள். "கொஞ்சம் பாயசம் மட்டும்…"

"வேணாம்க்கா. எங்கள்ல வழக்கம் அது."

"அதுவும் சரிதாம்மா" என்றாள் அங்கம்மாள். சிரித்தாள்கூட. குனிந்து, ஒரு பருக்கைகூட விழாத இலையைச் சுருட்டி எடுத்தாள். எடுத்த கையை மெதுவாக முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். அன்று முழுவதும் வெளியே தெரிந்துகொண்டிருந்த கை அது.

பஸ் ஏற்றிவிடப் பாலம் வரை ராஜவேலு வந்தான்.

"தப்பா எடுத்துக்காதப்பா. கை நனைக்கிறது எங்க பெரியவரு வந்த பெறகுதான். உங்களுக்கும் தெரிஞ்சதுதானே?" என்றாள் கிருஷ்ணவேணி.

"எனக்குத் தெரியும்மா. ஊர் ஊரா சுத்தறவன், கேள்விப்பட்டிருக்கேன்." அவன் பாலத்துச் சுவரைக் கையால் தடவினான். "எங்கம்மா அதை மறந்து எவ்ளோ வருசமாச்சோ. எங்கூர்ல பொண்ணு குடுக்கறதும் எடுக்கறதும் உள்ளுக்குள்ளியே. வெளியேருந்து யாரும்மா சம்பந்தம் பேச வந்தாங்க? நீங்கதான் மொத ஆளு. ரெண்டு நாளா எங்க தெருவே தூங்கல."

"நீ எடுத்துச் சொல்லுப்பா."

"சொல்றேன். ஆனா இங்க வந்து சாப்புடாம போன ஒவ்வொருத்தரும் ஒரு நல்ல காரணம் சொல்லிட்டுத்தாம்மா போனாங்க. வெரதம். வயிறு சரியில்ல. இப்பத்தான் சாப்ட்டேன். இப்பத்தான் தண்ணி குடிச்சேன்."

பஸ் வந்துவிட்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு ஆற்று மணல் கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை. குழாயடியில் தான் குடித்த தண்ணீரையே நினைத்துக்கொண்டு வந்தாள். தாகத்துக்குத்தான் குடித்தோம் என்று சொல்லிக்கொண்டாள். உண்மைதான், தாகம் இருந்தது. ஆனால் ஓர் ஊருக்குப் போனால் யார் வீட்டுக் கதவையாவது தட்டி, தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டு, அதை வைத்தே பேச்சைத் தொடங்கி வியாபாரம் செய்கிறவள் அவள். குழாயைத் தேடிப் போய் அவள் என்றைக்குக் குடித்திருக்கிறாள்? அப்படி வயிறு முட்டக் குடித்தது தாகத்துக்காகவா, அந்த வீட்டுச் சொம்பு வேண்டியிராமல் போகட்டும் என்றா? இலையை விட்டு எழுந்தபோது வழக்கம் நினைவுக்கு வந்தது. அதற்கு ஓர் இமைப்பொழுது முன்னால், துணி சுற்றிய அகப்பையின் மேல் அவள் கண் போனதும் உண்மைதான். எது முந்தியது, எது பிந்தியது என்று வாலாஜாபாத் வரும்வரை கேட்டுப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் கலியாணசுந்தரம் காத்திருந்தார். அவர் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும்கூட. காந்தா ராட்டையை விட்டு எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிருஷ்ணவேணி எல்லாவற்றையும் சொன்னாள். பெருக்கிய தெரு, பள்ளிக்கூடம், வேர்க்கடலை, பதிமூன்று விரல் கதை. பெண்கள் சிரித்தார்கள். கலியாணசுந்தரம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். காரியம் கைகூடிவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

"வேளைக்கி இன்னா சாப்ட்டே?" என்று அவர் மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சாப்புடலைக்கா. பேசி முடிக்காம எப்பிடிக் கை நனைக்கிறது?"

"தண்ணி காப்பியாச்சும்?"

கிருஷ்ணவேணி வாயைத் திறந்தாள். குழாயைப் பற்றிச் சொல்ல வந்தது, சொல்ல முடியாமல் நின்றது. அந்த ஒரு கணத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

"தண்ணி குடிக்கறதுக்கு எந்த வழக்கம்மா குறுக்க நிக்குது?" என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "பாண்டிச்சேரியிலியும் வெள்ளைமேட்டுலியும் குடிச்சவதானே நீ?"

கலியாணசுந்தரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "வேணி, உன்னைக் குத்தம் சொல்லல. எத்தினி ஊரு பாத்தவ நீ. உனக்கே அங்க ஒரு முழுங்கு எறங்கலைன்னா, நாளைக்கி என் பொண்ணுங்களைப் பாக்க வர்றவன் இந்த வூட்டுல எப்பிடிம்மா கை நனைப்பான்?"

பொய் சொல்லியிருந்தால் அவள் வாதாடியிருப்பாள். அவர் பொய் சொல்லவில்லை.

அன்றைக்குக் குமாரசாமி வெகுநேரம் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எங்காலைப் பாத்துட்டு எழுந்து போனவங்களை நீ எப்பிடித் திட்டுவே" என்று மட்டும் சொன்னான். காந்தா ராட்டைக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் கிருஷ்ணவேணி யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் புதுக்குடியிருப்புக்குக் கிளம்பினாள். பெரியவர் சம்மதம், வழக்கம், ஊர்ப் பேச்சு எதுவும் வேண்டாம். போய் உட்கார்ந்து, அந்தக் கையால் போட்டுத் தின்றுவிட்டு வருவது. தின்றுவிட்டேன், ஆகவே பெண்ணைக் கொடுத்துவிட்டேன் என்று வந்து நிற்பது. பிறகு யார் என்ன செய்துவிட முடியும்? காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பாலத்தில் இறங்கி நடந்து, ஊர் முகப்பில் வேண்டுமென்றே குழாய்ப் பக்கம் திரும்பாமல் போனாள்.

அங்கம்மாள் அவளைப் பார்த்ததும் எழுந்து வரவேற்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முந்தானைக்குள்ளிருந்த கை வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கடையிலிருந்து ஒரு கோலி சோடாவை வாங்கி வந்து, கிருஷ்ணவேணியின் கண்ணெதிரிலேயே உடைத்து நீட்டினாள்.

"குடிங்கம்மா. கடை சரக்குதான், நாங்க யாரும் தொடல" என்றாள் அங்கம்மாள். "டாக்டரு, ஆபீசருங்க யார் வந்தாலும் இதான் குடுக்கறது. அவங்களும் கூசாம குடிப்பாங்க."

கிருஷ்ணவேணி சோடாவை வாங்கிக் கீழே வைத்தாள். "எனக்கு சோறு போடுங்கக்கா."

"சோறா?"

"பசிக்குதுக்கா. காலைலேருந்து ஒண்ணும் சாப்புடல. உங்க கையால போடுங்க."

அங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. வெறுப்பாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சரிக்கட்டியிருக்கலாம்.

"இன்னிக்கி ஒலை வெக்கலைம்மா" என்றாள்.

உள்ளே மீன் பொரிகிற வாசனை வந்துகொண்டிருந்தது. கூரைக்கு மேல் புகை எழுந்தது. இருவருக்கும் அது தெரிந்தது. பொய்யை அங்கம்மாள் மரியாதையாகத்தான் சொன்னாள். விருந்தாளிகள் தன்னிடம் சொல்லிவிட்டுப் போன காரணங்களைப் போலவே, யார் மனமும் நோகாமல்.

"அக்கா, அன்னிக்கி நான் பண்ணது…"

"நீங்க ஒண்ணும் பண்ணலியேம்மா. உங்க வழக்கம், நீங்க செஞ்சீங்க. எம்மவனும் சொன்னான்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா பாருங்க, நான் யோசிச்சுப் பாத்தேன். உங்க பொண்ணு இங்க வந்தா ஒரு வேளை சாப்பாடு இல்ல. ஆயுசுக்கும் இந்தக் கைதான் ஆக்கிப் போடும். பெத்தவளுக்கே ஒரு வேளை கஷ்டமா இருக்கச்சே, அந்தப் பொண்ணு எத்தினி நாளைக்கிக் காரணம் சொல்லும்? எம்மவன் ரெண்டு பக்கமும் பாத்துக்கினு எத்தினி நாளைக்கி நிப்பான்? வேணாம்மா. வூட்டுக்குள்ள ஒருத்தரு மூஞ்சை ஒருத்தரு பாத்து பயந்துக்கினு இருக்கறது எனக்குப் பழக்கமில்ல. இந்த ஊர்ல அது ஒண்ணுதான் எங்களுக்குக் கெடைச்சுது."

கிருஷ்ணவேணி கீழே வைத்த சோடாவைக் கையில் எடுத்தாள். எந்த வீட்டிலும் பேசியே உள்ளே நுழைந்துவிடுகிறவள், சோடாவில் பாதியைக் குடித்துவிட்டு, போய் வருகிறேன் என்று மட்டும் சொல்லி எழுந்தாள்.

ராஜவேலு அதற்குப் பிறகு இரண்டு முறைதான் அந்தத் தெருவுக்கு வந்தான். மற்ற வீடுகளைத் தாண்டுவதுபோலவே இந்த வீட்டையும் தாண்டினான். அப்புறம் செய்யாற்றுப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டதாகப் புதிதாக வந்த எண்ணெய்க்காரன் சொன்னான். காந்தா அம்மாவிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருக்கலாம்.

தை பிறந்ததும் கலியாணசுந்தரம் ஓர் இடம் கொண்டுவந்தார். வாலாஜாபாத் அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர். முதல் தாரம் தவறி, மூன்று பிள்ளைகள். காந்தாவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். குமாரசாமியின் காலைப் பற்றி முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. அதற்கு ஈடாக அவர்களும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரும்படி யாரும் கிருஷ்ணவேணியை அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை.

நாள் பார்த்துப் பேச வந்தார்கள். கலியாணசுந்தரம் தட்டு மாற்றினார். எல்லாம் முறைப்படி முடிந்த பிறகு இலை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்து, சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கிருஷ்ணவேணி பரிமாறினாள். மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் வேகமாகச் சாப்பிடுகிறவர். எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் கை கழுவி, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார். கலியாணசுந்தரத்தின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கை நனைத்தாகிவிட்டது.

அவர்கள் பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போன பிறகு கிருஷ்ணவேணி சமையலறைக்குப் போனாள். காந்தா கழுவ வேண்டிய பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா சாப்ட்டாங்களாம்மா?" என்றாள், திரும்பாமலே.

"சாப்ட்டாங்க."

"மிச்சம் வெக்கலியே?"

"வெக்கல."

"சரி" என்று சொல்லிவிட்டுக் காந்தா பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.